லூவர் கதவுக்குப் பெயின்ட்: வழியாமல் அடிப்பது எப்படி

அலமாரியின் லூவர் கதவில், அதாவது சாய்வான மெல்லிய பலகைகளை இடைவெளிவிட்டு அடுக்கிய கதவில், பெயின்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பலகையின் முனை, சட்டத்தின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) நுழைகிற மூலையில். முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அடித்தால், பிரஷ் பலகையின் விளிம்பில் உரசி மிச்சப் பெயின்ட்டைப் பின்பக்கம் வழித்துத் தள்ளிவிடும். அது மெல்ல இறங்கி, மூலையில் தேங்கி, சிறிது நேரம் கழித்துத்தான் வழியத் தொடங்கும். அதற்குள் நீங்கள் பத்துப் பலகை தாண்டிப் போயிருப்பீர்கள். மேல்தோல் காய ஆரம்பித்திருக்கும். துடைக்கப் போனால் இழுவிவிடும்.

முதலில் அளவு. 60 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரமுள்ள சமதளக் கதவுக்கு இரு பக்கமும் சேர்த்து 2.4 சதுர மீட்டர். அதே அளவு லூவர் கதவில் 50 பலகைகள், ஒவ்வொன்றும் 45 செ.மீ. நீளம், சுற்றளவு 10 செ.மீ. என்று வைத்தால் பலகைகள் மட்டுமே 2.25 சதுர மீட்டர். சட்டங்களையும் ஓரங்களையும் கூட்டினால் 3.4 வரும். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் பரவும் பெயின்ட் என்றால், இரண்டு கோட்டுக்குக் கதவு ஒன்றுக்கு 700 மி.லி. வேண்டும். பிரைமர் தனி. ஸ்ப்ரே செய்வதானால் காற்றில் போவதற்கும் சேர்த்துக் கூடுதலாக வாங்குங்கள்.

கதவைக் கழற்றாமல் அடிக்கலாமா? அடிக்கலாம், ஆனால் பின்பக்கம் ஒருபோதும் சரியாக வராது. கழற்றிவிடுங்கள். மடிப்புக் கதவு என்றால் பாதி மடித்து மேலே தூக்க வேண்டும். கதவு சுழலும் கீழ் முளை, அதன் தாங்கியிலிருந்து விடுபட்டதும், அடிப்பக்கத்தை உங்கள் பக்கம் இழுத்தால் மேல் முளையும் கழன்றுவிடும். கைப்பிடி, கீல், முளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கீல் உட்காரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று அதன்மேல் எழுதிவையுங்கள். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் இரண்டிரண்டு நீள ஸ்க்ரூவைப் பாதி முடுக்கினால் அவையே கால்களாகிவிடும். கதவைச் சுவரில் சாய்த்து நிறுத்தலாம், தலைகீழாகத் திருப்பலாம், கீழ் ஓரத்துக்கும் பெயின்ட் எட்டும். அந்த ஓரங்களை விட்டுவிடாதீர்கள். ஈரம் உள்ளே ஏறுவது அங்கேதான்.

சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். பலகைகளின் மேல்பக்கம் படியும் தூசியை முதலில் வாக்குவம் கிளீனரின் மென்பிரஷ் முனையால் உறிஞ்சி எடுங்கள். ஈரத்துணியோடு தொடங்கினால் தூசி சேறாகி மூலையில் அடைந்துகொள்ளும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் பிழிந்த துணியால் ஒவ்வொரு பலகையையும் துடைத்து, சுத்தமான நீரில் இன்னொரு முறை துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். கதவுக்கு முன்பு சிலிகான் கலந்த பாலிஷ் போட்டிருந்தால் புதுப் பெயின்ட் சிறு சிறு குழிகளாக விலகும். அதற்குத் தேய்ப்பது மருந்தல்ல. சிலிகானை அது இன்னும் பரப்பும். தேய்க்கும் முன்பே மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியை அடிக்கடி மாற்றி மாற்றித் துடைத்து அதை எடுத்துவிட வேண்டும்.

உப்புத்தாள் விஷயத்தில் பலர் தேவைக்கு மேல் உழைக்கிறார்கள். பழைய பூச்சை உரிப்பதல்ல நோக்கம், பளபளப்பை மங்கச் செய்வதுதான். சட்டங்களுக்கு 180 நம்பர், பலகைகளுக்கு 220 நம்பர் சாண்டிங் ஸ்பாஞ்ச் போதும். ஸ்பாஞ்சை இடைவெளிக்கு ஏற்றபடி மெல்லியதாக வெட்டிக்கொண்டால் ஒரே இழுப்பில் மேல் பலகையின் அடியும் கீழ்ப் பலகையின் மேலும் தேய்ந்துவிடும். கதவு பல பத்தாண்டு பழையது என்றால் அடிப் பூச்சில் ஈயம் இருக்கலாம்; சோதித்துப் பார்க்காமல் உலர்வாகத் தேய்க்க வேண்டாம்.

பழைய பெயின்ட் என்ன வகை? பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மறைவான இடத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சுக்கு வந்தால் நீர்ப்பெயின்ட். வராவிட்டால் பெரும்பாலும் எண்ணெய் வகை; அதன்மேல் நீர்ப்பெயின்ட்டை நேராக அடித்தால் நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும். இடையில் ஒட்டும்திறன் மிகுந்த பிரைமர் ஒரு கோட் கட்டாயம். வார்னிஷ் போட்ட கதவுக்கும் இதே விதி. பூச்சு எதுவும் இல்லாத வெறும் பைன் மரமாக இருந்தால் கணுக்களின் பிசின் வெள்ளைப் பெயின்ட்டை ஊடுருவி மஞ்சளாகத் தெரியும். அதைத் தடுக்க ஷெல்லாக் (அரக்கு) பிரைமரே நம்பகமானது. சாதாரணப் பிரைமரை எத்தனை கோட் அடித்தாலும் சில மாதத்தில் கணு எட்டிப் பார்க்கும்.

மேல் கோட்டுக்கு நீர் சார்ந்த எனாமல்; பளபளப்பு மிதமான செமிகிளாஸ் அல்லது சாட்டின் வகை. எண்ணெய் எனாமல் அழகாகப் பரவும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளை எண்ணெய் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். அலமாரிக் கதவின் உட்பக்கம் எப்போதும் இருட்டு. இதற்காகவே நான் அதைச் சொல்வதில்லை.

பிரஷ் முறையில், ஒன்றரை அங்குலச் சாய்வு முனைப் பிரஷ். மூன்றில் ஒரு பங்கு மயிருக்கு மேல் நனைக்காதீர்கள். பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: பின்பக்க வழிசலை முன்பக்கம் அடிக்கும்போது சரிசெய்துவிடலாம், முன்பக்கம்தான் கண்ணில் படும் பக்கம். பலகையின் இரு மூலைகளிலும் பிரஷ் நுனியால் தொட்டுவிட்டு, அங்கிருந்து நடுவை நோக்கி இழுத்து, கடைசியாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பு. விளிம்புக்குக் குறுக்கே இழுக்கக் கூடாது. நாலைந்து பலகை முடிந்ததும் மறுபக்கம் போய், பெயின்ட் தொடாத இன்னொரு பிரஷால் தேங்கியதை எடுத்துவிடுங்கள். பலகைகள் எல்லாம் முடிந்தபின் குறுக்குச் சட்டம், கடைசியில் நெடுஞ்சட்டம். வெயிலிலும் வேகமான காற்றிலும் அடித்தால் பிரஷ் கோடு நின்றுவிடும். பெயின்ட்டைத் தாமதமாகக் காயவைக்கும் கண்டிஷனரை அதன் டப்பாவில் சொல்லியிருக்கும் அளவில் சேர்க்கலாம்.

நான்கு கதவுக்கு மேல் இருந்தால் ஸ்ப்ரே கன்தான் சரி. பெயின்ட்டை வடிகட்டி ஊற்றுங்கள். கன்னைக் கதவுக்கு நேராகப் பிடித்தால் விளிம்புகளில் மட்டும் பெயின்ட் குவியும், உள்பகுதி வெறுமையாக இருக்கும். மேலிருந்து சாய்த்து ஒரு தடவை, கீழிருந்து சாய்த்து ஒரு தடவை, கதவைத் திருப்பி அதே இரண்டு. இடைவெளி 20 முதல் 25 செ.மீ.; கை நிற்காமல் நகர வேண்டும். மூலைகளில் காற்று மோதித் திரும்புவதால் பெயின்ட் படியாது. அங்கே காற்றழுத்தத்தைக் குறைத்து முதலில் முடித்துவிட்டு, மற்றதற்கு வாருங்கள். முகக்கவசம் பெயின்ட்டுக்கு ஏற்றதாக இருக்கட்டும். வெறும் துணி மாஸ்க் எதையும் தடுக்காது.

வழிசல் காய்ந்துவிட்டதா? அன்றே தேய்த்தால் ரப்பராகச் சுருண்டு வரும். நன்றாக இறுகும்வரை விட்டு, பிளேடால் மேடைச் சீவி, 220 நம்பர் தாளால் சமமாக்கி, அந்தப் பலகைக்கு மட்டும் ஒரு கோட்.

காடியில் பலகை நுழையும் மெல்லிய இடைவெளியைப் பட்டி போட்டு அடைக்காதீர்கள். பருவத்துக்குப் பருவம் பலகை விரிந்து சுருங்கும், பட்டி வெடித்துக் கோடாகத் தெரியும். ஆடுகிற பலகைக்கு மூலையில் ஒரு துளி மரப்பசை போதும். பலகைகள் திரும்பும் வகை லூவர் என்றால், கோட் ஒவ்வொன்றும் காயும்போது இடையிடையே கொஞ்சம் அசைத்துவிடுங்கள். இல்லையென்றால் முளையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் நீர் எனாமல் முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். கதவை மறுநாளே மாட்டலாம். மூடி மட்டும் வைக்காதீர்கள். மடிப்புக் கதவின் இரு இலைகளும் ஒன்றையொன்று அழுத்தும் விளிம்பில் மெழுகுத்தாள் துண்டு ஒன்றைச் செருகி, சில வாரம் கழித்து எடுங்கள். பெயின்ட் கனத்தால் கதவு நிலையில் உரசினால், உடனே இழைப்புளியை எடுக்காமல் மேல் முளையின் தாங்கியைச் சற்றுத் தளர்த்தி நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டரில் தீர்ந்துவிடும்.