நர்சுகளுக்கான அட்வகசி கேள்வித்தாளைத் தமிழில் சரிபார்க்கப் போகிறவர்களுக்கு

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்கு நான் எடுத்தது, நோயாளிக்காக நர்ஸ் குரல் கொடுப்பதை அளக்க ராபர்ட் ஹாங்க்ஸ் 2010-ல் வெளியிட்ட அளவுகோல். மொத்தம் 43 கூற்றுகள். இதே அளவுகோல் 2015-ல் பிரேசிலுக்குப் போனபோது 20 மட்டுமே மிஞ்சின. அதனால் உங்களுக்கும் பல கூற்றுகள் உதிர்ந்தால் கலங்க வேண்டாம்.

முதல் வேலை, உருவாக்கியவரிடம் மெயிலில் அனுமதி கேட்பது. எத்திக்ஸ் கமிட்டிக்கு அந்தப் பதில் தேவைப்படும். மொழிபெயர்ப்புக்கு பீட்டன் குழுவின் 2000-ஆம் ஆண்டு வழிமுறை போதும்: இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள், ஒருவருக்கு நர்சிங் தெரியாமல் இருப்பது நல்லது. இரண்டையும் ஒன்றாக்கியபின், மூலத்தைப் பார்க்காத இருவர் திரும்ப ஆங்கிலமாக்குவார்கள். அப்புறம் நிபுணர் குழு, அதன்பின் 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை.

இந்த முன்சோதனையைத் தாளைக் கொடுத்து வாங்குவதோடு முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இந்தக் கட்டத்தில் டிக் போட்டீர்கள் என்று கேளுங்கள். நோயாளிக்காகப் பேசினால் வேலைக்கு ஆபத்து வரலாம் என்ற கூற்றைப் படித்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், இது பர்மனெண்ட்ல இருக்கறவங்களுக்கா, எங்களுக்கா?" என்றார். அவர் எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர், பர்மனெண்ட் இல்லை. ஒரே வார்டு, ஒரே வேலை, ஆனால் அந்த வரி இருவருக்கும் ஒன்றல்ல. பணிநிலை பற்றிய கேள்வியை முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். தாள்களை வார்டு இன்சார்ஜ் கையால் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. ஒட்டிய கவரில் நேராக உங்களிடம் வரட்டும். மேலதிகாரி பார்ப்பார் என்று தெரிந்தால் யார்தான் உண்மையை எழுதுவார்?

புள்ளியியலுக்கு ஸ்டாட்டிஸ்டீஷியன் இருக்கிறார், ஆனாலும் இவற்றை நீங்களும் கவனியுங்கள். ஆறு நிபுணர்களோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வொரு கூற்றுக்கும் உள்ளடக்கக் குறியீடு (அந்தக் கூற்று பொருத்தமானது என்று சொன்ன நிபுணர்களின் விகிதம்) 0.78-க்குக் குறையக்கூடாது. பதில் எழுதும் நர்சுகள் கூற்றுக்கு 5 முதல் 10 பேர் என்பது வழக்கம்; 43-க்கு 215 முதல் 430 பேர். ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.70-ஐத் தாண்டிவிட்டது என்று அதோடு நிறுத்திவிட வேண்டாம், கூற்றுகள் கூடினாலே அதுவும் கூடும். காரணிப் பகுப்பாய்வில் (எந்தக் கூற்றுகள் ஒரே குழுவாகச் சேர்கின்றன என்று பார்ப்பது) கிடைத்த அமைப்பை உறுதிசெய்ய வேறொரு சாம்பிள் வேண்டும், அதே ஆட்களை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

முன்சோதனையில் எழுதிய குறிப்புகளைக் கூற்று எண் போட்டு ஃபைல் செய்துவையுங்கள். எந்தக் கூற்றை ஏன் மாற்றினீர்கள் என்று வைவாவில் நிச்சயம் கேட்பார்கள்.