எட்டவில்லை என்று சொல்ல ஆதாரம் போதாது

"தடுப்பூசி இலக்கை எட்டிட்டோமா, இல்லையா? ஒரே வரியில சொல்லுங்க சார்" என்றார் மேடம்.

"எட்டலைன்னு சொல்ல ஆதாரம் போதாதுங்க மேடம்."

"அப்ப எட்டியாச்சு" என்று குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நான் சொன்னது சரியான பதில்தான். 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான தடுப்பூசிக் கணக்கெடுப்பு அது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய முறைப்படி 30 கிளஸ்டர் (அடுத்தடுத்த வீடுகள் கொண்ட தொகுதி), ஒவ்வொன்றிலும் 7 குழந்தைகள், மொத்தம் 210. இடம் தெரியக்கூடாது என்பதால் எண்களைச் சற்று மாற்றித் தருகிறேன்: 166 பேருக்கு எல்லா ஊசியும் போட்டாகியிருந்தது, அதாவது 79 சதவீதம். இலக்கு 85. எல்லோரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்ததாக வைத்தால் பிழை வரம்பு ±5.5. 85-ஐத் தொடாது, எட்டவில்லை என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் அடுத்தடுத்த வீட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் ஒரே நிலையில் இருப்பார்கள். அதற்காக டிசைன் எஃபெக்ட், அதாவது இப்படித் தொகுதியாக எடுப்பதால் நிச்சயமின்மை கூடுவதைக் காட்டும் பெருக்கி, 2 என்று போட்டால் வரம்பு ±7.8, மேல் எல்லை கிட்டத்தட்ட 87. இலக்கு உள்ளே வந்துவிடுகிறது.

வரம்பு ஏன் இப்படி அகலமாகிறது என்பதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. ஊசி போடாத குழந்தைகள் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதால்தானே! செங்கல் சூளை ஒன்றில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். அட்டை கேட்டபோது ஒரு தாய் பிளாஸ்டிக் கவரைக் கொட்டிக் காட்டினார். ஆதார் ஜெராக்ஸ் இருந்தது, தடுப்பூசி அட்டை இல்லை. அங்கே ஏழு பேரில் ஒருவருக்கும் முழுமையாகப் போடவில்லை. அவர்கள் ஒன்றாக விடுபட்டதே, விடுபட்டதை நிரூபிக்க முடியாமல் செய்துவிடுகிறது.

'எட்டியது' என்பதை இன்மை கருதுகோளாக, அதாவது எதிராக ஆதாரம் வரும்வரை உண்மை என்று வைத்துக்கொள்ளும் கூற்றாக, வைத்தது நானில்லை, படிவம் அப்படி. 'எட்டவில்லை' என்று தொடங்கியிருந்தால் அதே 166, எட்டியதற்கு ஆதாரமில்லை என்று சொல்லியிருக்கும். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் கணக்கு முடிவு செய்யாது.

கூட வேலை பார்த்தவர் சமாதானம் சொன்னார்: "ஏழு பேரை வச்சு ஒரு சூளையைப் பத்திப் பேசக்கூடாதுங்க. அந்த முறை அதுக்கு இல்ல." சதவீதம் மதிப்பிட ஏழு போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சூளையில் உண்மையிலேயே 85 சதவீதம் இருந்திருந்தால், தனித்தனியாகக் குலுக்கி எடுத்ததாக வைத்தால் ஏழு பேரும் விடுபட்டவர்களாக அமைவது பத்து லட்சத்தில் இரண்டு முறைகூட நடக்காது. முப்பதில் மோசமான ஒன்றைப் பொறுக்கி எடுத்ததற்காக முப்பதால் பெருக்கினாலும் அது மிகச் சிறிய எண்தான். மேடம் கேட்டது மொத்தச் சதவீதத்தைப் பற்றி மட்டும். நானும் அதற்கு மட்டுமே பதில் சொன்னேன்.