ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஹாலோஜன்: வேலூர்க் கோடையில் ஒரு வேலைக் குறிப்பு

ஏப்ரல் 26

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டின் மேல்மாடிக் கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் வேலை நடந்துகொண்டிருக்கிறது. சுவரில் மாட்டியுள்ள தஞ்சாவூர்ப் படங்களுக்காக 50 வாட் ஹாலோஜன் விளக்குகள் ஆறு பதிக்க வேண்டுமென்று வீட்டுக்காரர் விரும்புகிறார். தங்கத் தகட்டின் நிறம் அந்த ஒளியில் அப்படியே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த 300 வாட்டில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறும். மேலே வெயிலில் காயும் கான்கிரீட் தளம், கீழே ஜிப்சம் பலகை, நடுவே குறுகிய இடைவெளி. பிற்பகலில் விளக்கு ஒன்றுகூட எரியாதபோதே அங்கு வைத்த வெப்பமானி 44 டிகிரி காட்டியது. தனிக் குறிப்பு எதுவும் அச்சிடப்படாத, விளக்கைப் பொருத்தும் சட்டம் (ஃபிரேம்), சுற்றுப்புறம் 25 டிகிரி என்ற கணக்கில்தான் வடிவமைக்கப்படுகிறது. அந்தக் கணக்கு வேலூர் மாடிக்குப் பொருந்தாது.

ஏப்ரல் 28

சீலிங் வேலைக்காரர் பலகைக்கு மேல் தெர்மாகோல் பரப்பத் தொடங்கியிருந்தார். "இது போடலைன்னா மே மாசம் இங்க உட்காரவே முடியாதுங்க சார்" என்றார். அவர் சொல்லும் காரணம் நியாயமானது; பரப்பும் இடம்தான் ஆபத்தானது. இவ்வகை ஹாலோஜனின் கண்ணாடிப் பிரதிபலிப்பான் ஒளியை முன்னே அனுப்பிவிட்டு, வெப்பத்தின் பெரும்பங்கைப் பின்புறமாகக் கசியவிடும்படி செய்யப்பட்டது. கீழே இருக்கும் படம் சூடேறாமல் தப்பிக்கிறது, அந்தச் சூடு முழுவதும் சீலிங்குக்குள் ஏறுகிறது. அதன்மேல் தெர்மாகோலை மூடினால் வெப்பம் வெளியேற வழியில்லை. தெர்மாகோலோ 100 டிகிரியை எட்டுவதற்குள்ளாகவே இளகிவிடும், எளிதில் தீயும் பற்றும். அலுமினியப் பூச்சுள்ள பல்பு போட்டால் வெப்பம் கீழே வரும், ஆனால் பழைய படங்களை அது வாட்டிவிடும். ஆகவே தெர்மாகோலை எடுத்துவிட்டு, மொட்டைமாடியில் வெள்ளை ஓடுகளைப் பதிக்கச் சொன்னேன். வெயிலை மேலேயே தடுத்தால் சீலிங்கின் உட்புறமும் தணியும்.

மே 2

அடுத்த அறையில் சில ஆண்டுகளுக்கு முன் வேறு யாரோ பொருத்திய ஹாலோஜன் ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். ஹோல்டரை ஒட்டிய ஒயரின் சிவப்பு உறை கருஞ்சிவப்பாகி, விரலால் வளைத்ததும் பொடியாக உதிர்ந்து, உள்ளிருந்த செம்பு வெளியே தெரிந்தது. ஜிப்சத்தில் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் படிந்திருந்தது. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், எரியும் ஹாலோஜன் குமிழோ 250 டிகிரியைத் தாண்டும். இந்த ஒயரைக் கண்ட பிறகுதான் வீட்டுக்காரர் வாட்டைக் குறைக்கச் சம்மதித்தார்.

மே 6

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. தளம் கொதிக்கும் நேரத்திலேயே சோதித்துவிடுவது நல்லது என்று இன்று வேலையை முடித்தோம். 50 வாட்டுக்குப் பதிலாக, குறுகிய கற்றையுடைய 20 வாட் பல்புகளைப் போட்டோம். ஒளி சிதறாமல் படத்தின் மீதே குவிவதால், அகலக் கற்றை கொண்ட 50 வாட் பல்பைவிட நடுப்பகுதி பிரகாசமாகவே தெரிகிறது. பீங்கான் ஹோல்டரும், அதிலிருந்து சிறிது தூரத்துக்குக் கண்ணாடியிழை பின்னிய சிலிக்கான் ஒயரும் கொடுத்தோம். இந்தப் பல்புகள் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட்டில் எரிபவை. அதில் 50 வாட் என்றால் 4 ஆம்பியருக்கு மேல் ஓடும், 20 வாட்டில் அது 2 ஆம்பியருக்கும் குறைவு. இருந்தாலும் பல்பின் ஊசி போன்ற பின் ஹோல்டரில் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும் என்பதால் ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர்களை விளக்குகளின் தலைக்கு மேல் வைக்காமல், எட்டத்தில் தனித்தனியாக வைத்தோம். சுவரோரம் காற்று போய்வர இடைவெளியும் விட்டோம்.

இரண்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு ஜிப்சத்தின் விளிம்பைத் தொட்டேன். வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. நாளை பல்பு மாற்ற வருபவர் 50 வாட்டைச் செருகிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சட்டத்தின் உள்விளிம்பிலும் "20 வாட் மட்டும்" என்று அழியா மையில் எழுதிவிட்டே ஏணியை விட்டு இறங்கினேன்.