ஸ்தாபகரும் அவருடைய வாக்கும்

மிசிசிப்பி மாநிலத்தின் பொலிவர் கவுண்டியில் உள்ள மவுண்ட் பையூவுக்கான வரலாற்றுப் பலகைகளை எழுதும் பணியில், ஸ்தாபகர் ஐசையா மாண்ட்கோமரியின் பலகையிலேயே 1890இல் அவர் அளித்த வாக்கையும் சேர்ப்பது என்று முடிவு செய்தவன் நான்தான். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் வரைவைப் படித்துப் பார்க்க வந்திருந்த, அவ்வூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வியை எத்தனை முறை நினைத்தாலும், அந்த நினைப்பு சற்று ஆட்டம் காண்கிறது.

ஊரின் தொடக்கம் எழுதுவதற்கு எளிதானது. லூயிவில், நியூ ஆர்லியன்ஸ் அண்டு டெக்ஸஸ் ரயில்வே, மெம்ஃபிஸுக்கும் விக்ஸ்பர்க்குக்கும் இடையே பாதை போட்டபோது, இருபுறமும் கிடந்த சதுப்புக் காட்டில் குடியேற ஆள் தேவைப்பட்டது. குடிகள் இல்லாவிட்டால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லாவிட்டால் ஏற்றிச் செல்லச் சரக்கும் இல்லை. கொசுவும் காய்ச்சலும் நிறைந்த அந்தக் காட்டுக்கு வெள்ளையர்கள் வரமாட்டார்கள் என்று கணக்கிட்ட நிறுவனம், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஐசையா மாண்ட்கோமரியை நாடியது. அவரும் அவருடைய உறவினர் பெஞ்சமின் கிரீனும் 1887இல் கறுப்பின மக்களுக்கென்றே இந்த ஊரை நிறுவினார்கள். முதலில் வந்தவர்களிடம் விற்பதற்குப் பருத்தி இருக்கவில்லை. வெட்டிய மரங்களைத்தான் விற்றார்கள், ரயில்வேக்கான ஸ்லீப்பர் கட்டைகள் உட்பட. தாங்கள் வாங்கிய நிலத்தின் மரத்தையே, நிலத்தை விற்ற ரயில்வேக்கு விற்றுத்தான் அவர்கள் காலூன்றினார்கள் என்பதை எழுதியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஊர்ப் பலகை எழுதுபவனும் ஒருவகையில் தலபுராணம் எழுதுபவன்தான். தொடக்கக் கதை அழகாக அமைந்துவிட்டால் அவனுக்கு அதற்கு மேல் நகர மனம் வராது.

நகர்ந்தால் வருவது 1890. மிசிசிப்பியில் அந்த ஆண்டு கூடிய அரசியல் நிர்ணய மாநாட்டின் 134 உறுப்பினர்களில் மாண்ட்கோமரி ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவர். கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதே நோக்கம் என்பதை மாநாட்டின் தலைவரே ஒளிக்காமல் சொன்னார். வாக்களிக்க வேண்டுமானால் கட்ட வேண்டிய இரண்டு டாலர் தலைவரி, அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படிக்கவோ விளக்கவோ வேண்டும் என்ற தேர்வு ஆகியவை அதற்கான கருவிகள். மாண்ட்கோமரி அந்த விதிகளை ஆதரித்துப் பேசி, ஆதரித்தே வாக்களித்தார். இரு இனங்களுக்கும் இடையே அமைதி பிறக்க இது விலை என்று அவர் வாதிட்டார். 1,20,000க்கும் மேற்பட்ட கறுப்பின வாக்காளர்கள் நீக்கப்படுவார்கள் என்று தெரிந்தே அப்படிப் பேசினார். அடிமை ஒழிப்புக்காகப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். 1892இல் வாக்காளர் பட்டியலில் எஞ்சிய கறுப்பினத்தவர் 9,000 பேர்கூட இல்லை.

அந்த ஆசிரியை அம்மையார் இதில் ஒரு வரியையும் மறுக்கவில்லை. என் நண்பர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் அவரை உண்மையை மூடி மறைக்க வந்தவராகவே புரிந்துகொள்கிறார்கள். அதற்கு நான் சொல்லும் விதமும் காரணமாக இருக்கலாம். அவர் கேட்டது இதுதான்: “மற்ற 133 பேரின் ஊர்களிலும் இப்படி ஒரு பலகை வைக்கப் போகிறீர்களா? அந்தச் சட்டத்தை வகுப்பதில் முன்னின்ற ஜேம்ஸ் ஜார்ஜுக்கு வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் சிலை வைத்தார்கள்.” சிலை வைக்கப்பட்டது 1931இல்.

எங்கள் பணி இந்த ஒரு ஊரைப் பற்றியது மட்டுமே என்று பதில் சொன்னேன். அது உண்மையான பதில்தான். ஸ்தாபகரை ஒரு பலகையிலும் அவருடைய வாக்கை வேறொரு பலகையிலும் வைத்தால், முதல் பலகையோடு திரும்பிவிடுபவர்களுக்குப் பாதி மனிதரைத்தான் காட்டியிருப்போம் என்றும் சொன்னேன். அவருடைய தந்தை பெஞ்சமின் மாண்ட்கோமரி, தாம் அடிமையாக இருந்த டேவிஸ் பெண்ட் தோட்ட நிலத்தையே 1866இல் 3,00,000 டாலர் விலைபேசி வாங்கியதையும், தவணை கட்ட முடியாமலும் வழக்கினாலும் அது மீண்டும் டேவிஸ் குடும்பத்தின் கைக்கே போனதையும் அதே பலகையில் சேர்த்திருந்தேன். கண்ணெதிரே ஒரு ஊர் கைவிட்டுப் போவதைப் பார்த்தவர், அடுத்த ஊரைக் காப்பதற்காக எதையும் கொடுக்கத் துணிந்திருக்கலாம் என்பதைப் படிப்பவர் தாமே உணரட்டும் என்பது என் எண்ணம். ஆனால் அவர் ஊருக்காகத்தான் அப்படி வாக்களித்தார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, காரணத்தைப் படிப்பவர் ஊகிக்கும்படி விடுவது நேர்மையா, தந்திரமா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பின்னர் வேறொரு சிற்றூருக்கான பலகைகளை எழுத வாய்த்தது. அங்கு ரயில் நிலையத்தையும் பருத்தியையும் பற்றி எழுதிவிட்டு, 1890 மாநாட்டையும் ஒரு வரியில் சேர்த்தேன். ரயில் வரலாற்றுக்கு அது தேவையில்லை என்று அந்த வரி நீக்கப்பட்டது. நான் வாதாடினேன், ஆனால் மவுண்ட் பையூவில் அந்த வாக்கியத்தைக் காக்க வாதாடிய அளவுக்கு அழுத்தம் கொடுத்தேனா என்று கேட்டால், அங்கே எனக்கு அதிகாரம் இருந்தது, இங்கே இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மையாருடன் நடந்த உரையாடலின் பிற்பகுதியை நான் அதிகம் வெளியில் சொல்வதில்லை. அவர் ஊரின் பிற்காலத்தை எடுத்துச் சொன்னார்: கறுப்பினத்தவருக்காக 1942இல் திறந்த டபோரியன் மருத்துவமனை, 1952இல் இந்த ஊருக்குக் காப்பீட்டு முகவராக வேலைக்கு வந்த, பின்னாளில் குடியுரிமைப் போராளியான மெட்கர் எவர்ஸ், கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் கொலை வழக்கு நடந்த 1955இல் சாட்சிகளுக்கும் கறுப்பினச் செய்தியாளர்களுக்கும் புகலிடமான, இவ்வூர் மருத்துவர் டாக்டர் ஹவர்டின் வீடு. இந்த ஊர் நிலைத்திருக்காவிட்டால் இவை எங்கே நடந்திருக்கும் என்றார். இந்த ஊரையே கண்ணால் பார்க்காமல், வேறேதோ கவுண்டியில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பயிர் செய்து, வாக்கையும் இழந்த ஒருவருக்கு இவை எப்படி ஈடாகும் என்று நான் கேட்டேன். தம் பாட்டனார் அப்படிப்பட்டவர்தான் என்றும், அங்கே இருக்க முடியாமல்தான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் என்றும் அவர் சொன்னார்.

அதன் பிறகும் நான் வாக்கியத்தை மாற்றவில்லை. அவருடைய பாட்டனார் வந்து சேர்ந்தார். வந்து சேர முடியாதவர்களே மிகுதி, அவர்களுக்கென்று எந்த ஊரிலும் பலகை இல்லை என்பதே என் வாதமாக இருந்தது. ஆனால் அவர்களுடைய கணக்கை முழுவதும் மாண்ட்கோமரியின் பலகையில் மட்டும் எழுதியதற்கு அந்த வாதம் பதிலாகாது என்பதை அம்மையார் அப்போதே சுட்டிக்காட்டினார்.