மாசியில் ஒட்டிய பலகை

கோயம்புத்தூரில் கிட்டார் செய்கிறேன் என்று சொன்னால் அடுத்து வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மெஷின்ல போட்டு எடுப்பீங்களாங்?" பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்கிற ஊர். எதையும் லேத்திலோ சிஎன்சியிலோ ஏற்றிப் பார்ப்பதுதான் இங்கே வழக்கம். கையால்தான் செய்கிறேன் என்றால் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பாவம், மெஷின் வாங்க வசதியில்லை போல என்று.

நானும் அந்த உலகத்திலிருந்து வந்தவன்தான். கணபதிப் பக்கம் ஒரு பேட்டர்ன் கடையில் வேலை பழகினேன். ஃபவுண்டரியில் இரும்பை ஊற்றுவதற்கு முன்னால் மண்ணில் அச்சுப் பதிக்க வேண்டும். அப்படிப் பதிப்பதற்கான மர உருவம்தான் பேட்டர்ன். பம்ப் கேசிங், மோட்டார் பாடி எல்லாம் முதலில் மரத்தில் பிறந்து, அப்புறம்தான் இரும்பானவை. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும். அதனால் எங்கள் ஸ்கேலே வேறு; அந்தச் சுருக்கத்தையும் சேர்த்துக் கொஞ்சம் நீட்டிக் கோடு போட்டிருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் அந்த ஸ்கேலைக் கொண்டுபோய் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி அளவெடுத்த கதை பேட்டர்ன் கடைக்குக் கடை உண்டு.

பிறகு கம்ப்யூட்டரில் வரைந்து நேராகவே அச்சு எடுக்கிற முறைகள் வந்தன. மரப் பேட்டர்ன் வேலை மெலிந்தது. அந்தச் சமயத்தில் சர்ச்சில் வாசிக்கிற நண்பர் ஒருவர், கம்பிகளை மேல்பலகையில் பிடித்து வைக்கிற மரத்துண்டான பிரிட்ஜ் பெயர்ந்த கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மரவேலைதானே, ஒட்டிக் குடுங்க." ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொருவரை அனுப்பினார். இப்படித்தான் ஆரம்பித்தது. கிட்டார் செய்ய வேண்டும் என்ற கனவெல்லாம் எனக்கு இருந்ததில்லை. நிறையக் கிட்டார்களின் உள்ளே கண்ணாடியும் லைட்டும் விட்டுப் பார்த்துப் பார்த்துத்தான், நாமும் ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது.

பேட்டர்னில் மரம் அசையவே கூடாது. நன்றாகக் காய்ந்த தேக்கை எடுத்து, செய்து, பெயின்ட் அடித்து அதன் வாயை அடைத்துவிடுவோம். வெளி அளவு சரியாக இருந்தால் போதும், உள்ளே எவ்வளவு மரம் கிடக்கிறது என்பது யாருக்கும் கவலையில்லை. கிட்டாரில் உள்ளே கிடக்கிற மரம்தான் கவலையே. ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்க வேண்டிய மேல்பலகையின் தடிமன் 3 மி.மீ.க்குக் கீழே. பயந்துகொண்டு கனமாக விட்டால் கிட்டார் ஐம்பது வருஷம் உடையாமல் இருக்கும். வாசிக்கத்தான் யாரும் எடுக்க மாட்டார்கள். பேட்டர்ன்காரனுக்கு இந்தப் பயம் ரொம்ப நாள் போகாது. எனக்கும் போகவில்லை.

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரம். குளிர்நாட்டு மரம், இறக்குமதிதான். ஒரே கட்டையை நெடுக அறுத்து, புத்தகத்தை விரித்தாற்போல இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்து ஒட்டுவோம். நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ரேகைகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். வரும்போது 4 மி.மீ. தடிமனில் வரும். இழைப்புளியால் 3.2 வரை துணிந்து இறக்கலாம், அதுவரை அளவு பார்க்கிற வெர்னியர் போதும். அப்புறம்தான் மெதுவாகப் போக வேண்டும். நாலு தள்ளு தள்ளிவிட்டுப் பலகையைக் கையில் எடுத்து வளைத்துப் பார்ப்பேன். ரேகையோடு ஒட்டிய திசையில் முறைத்துக்கொண்டு நிற்கும். குறுக்கே வளைத்தால் இணங்கும். பிறகு ஓரத்திலிருந்து கால்பங்கு தள்ளி இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, காதருகே வைத்து விரல்முட்டியால் தட்டுவேன். கனமான பலகை "டொக்" என்று சொல்லி முடித்துக்கொள்ளும். இழைக்க இழைக்க ஓசை கீழே இறங்கும், கொஞ்சம் நின்று மறையும். ஒரு கட்டத்தில் குறுக்குவாட்டு விறைப்பு சட்டென்று தளரும். அதற்கு ஒரு தள்ளு முன்னால் நிறுத்த வேண்டும்.

என்னோடு வேலை பழகுகிற பையன் இன்ஜினியரிங் படித்தவன். "எத்தனையில நிறுத்தோணுமுங்கண்ணா, நம்பர் சொல்லுங்க" என்பான். சொல்ல முடியாமல் இல்லை, ஆனால் அந்த நம்பர் பலகைக்குப் பலகை மாறும். ஒரே கட்டையிலிருந்து வந்த இரண்டு ஜோடிப் பலகைகளில் ஒன்று 2.9-இல் நிற்கும், இன்னொன்று 2.6 வரை கேட்கும். அவன் இப்போது ஒவ்வொரு பலகைக்கும் எடை, தடிமன், வளைவு மூன்றையும் நோட்டில் எழுதி வைக்கிறான். நான் கேலி செய்வதில்லை. போகப்போக அந்த நோட்டு எனக்கும் உதவும் போலத்தான் தெரிகிறது.

நம்பரே எஜமானாக இருக்கிற இடமும் உண்டு. கழுத்தின் மேல் விரல்பலகையில் குறுக்கே உலோகக் கம்பிகளை, அதாவது ஃப்ரெட்களை, போடுகிற இடம். மீதமுள்ள கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்து வகுத்துப் போக வேண்டும். 650 மி.மீ. நீளத்துக்கு முதல் ஃப்ரெட் 36.48-இல், பன்னிரண்டாவது சரியாக 325-இல். இதில் காதும் கையும் பேசக் கூடாது. பேட்டர்ன் கடையில் வாங்கிய அடியெல்லாம் இங்கேதான் பலன் தந்தது.

இனி இந்த ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிட்டார் செய்வது பற்றி எழுதுகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பட்டறையில் ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனி, ஆடியில் அந்த வழியாக வருகிற காற்றில்தான் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே காற்று என் பட்டறைக்குள்ளும் வருகிறது, கேரளத்து மழை ஈரத்தோடு. மாசி, பங்குனியில் தலைகீழ். பிற்பகலில் மீட்டர் முள் 30-க்கும் கீழே படுத்துவிடும். ஐப்பசி அடைமழையில் 80-ஐத் தாண்டும்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். அடிப்பக்கத்தில் 40 செ.மீ. அகலமுள்ள மேல்பலகை, காய்ந்த மாதத்துக்கும் ஈர மாதத்துக்கும் இடையில் 2, 3 மி.மீ. அசையப் பார்க்கும். பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவத்தில் சட்டங்கள் ஒட்டியிருக்கிறோம். அவை பலகையின் ரேகைக்குக் குறுக்கே ஓடுகின்றன, அவற்றின் நீளம் மாறாது. ஆக, விரிய நினைக்கிற பலகையைச் சட்டம் விடாது, சுருங்க நினைக்கிற பலகையையும் விடாது. ஈரக்காற்றில், பலகை உப்பியிருக்கிறபோது சட்டத்தை ஒட்டினோம் என்று வையுங்கள். மாசி வந்ததும் பலகை சுருங்கப் பார்க்கும், வழியில்லாமல் வெடிக்கும். காய்ந்த காற்றில் ஒட்டினால் ஆடியில் பலகை கொஞ்சம் மேலே உப்பும், கம்பி உயரும், வாசிக்கிறவர் முணுமுணுப்பார். முணுமுணுப்பைச் சரிசெய்துவிடலாம். வெடிப்பை மறைக்கத்தான் முடியும்.

அதனால் என் பட்டறையில் சட்டம் ஒட்டுவதெல்லாம் தை கடைசியிலிருந்து பங்குனி வரை. அதிலும் காலையில் ஒட்டுவதில்லை. பத்து, பதினொரு மணிக்கு மேல் முள் 45-க்கு வந்த பிறகுதான். பலகையை 28 அடி ஆரத்தில் குழிவாகக் கடைந்த ஒரு தட்டின் மேல் வைத்து, சட்டத்தில் பசை தடவி, மேலே ஒரு பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மூங்கில் பத்தைகளை வளைத்துக் கொடுப்போம். மூங்கில் நிமிரப் பார்க்கும், அந்த அழுத்தத்தில் சட்டம் ஒட்டிக்கொள்ளும். கிளாம்ப் எட்டாத நடுப்பகுதிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அந்தக் குழிவுத் தட்டைச் செய்யப் பலர் திண்டாடுவார்கள். பேட்டர்ன்காரனுக்கு அது அரைநாள் வேலை. இதையாவது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

காற்றின் குணம் நம் ஊர் வாத்தியக்காரர்களுக்குத் தெரியாததல்ல. மாரியம்மன் நோன்பியில் துடும்பு அடிக்கிறவர்கள் முதலில் கொஞ்சம் ஓலையைக் கொளுத்தி, தோலை நெருப்பில் காட்டித்தான் எடுப்பார்கள். கிட்டாரை அப்படிக் காட்ட முடியாது என்பதுதான் சிக்கல்.

ஆனாலும் காட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் காரை நிறுத்திவிட்டு, டிக்கியில் கிட்டாரையும் வைத்துவிட்டுக் கல்யாண மண்டபத்தில் சாப்பிடப் போவார்கள். சாத்திய காருக்குள் 60 டிகிரிக்கு மேல் ஏறும். சாதாரண வெள்ளைப் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும், கம்பியோ 70 கிலோ இழுத்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் கச்சேரிக்கு எடுத்தால் பிரிட்ஜ் பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். இதனால்தான் பிரிட்ஜுக்கு மட்டும் நான் வஜ்ஜிரம் காய்ச்சுகிறேன், விலங்குத் தோலிலிருந்து எடுக்கிற, அந்தக் காலத்து மரவேலைக்காரர்களின் அதே பசைதான். வறண்ட சூட்டை நன்றாகத் தாங்கும். பெயர்க்க வேண்டியிருந்தால் ஈரமும் சூடும் சேர்த்துக் கொடுத்தால் மரத்தைக் கடிக்காமல் விட்டுவிடும். நாற்றம்தான் தாங்காது. பக்கத்து வைண்டிங் கடைக்காரர் ஒருமுறை நேரே வந்துவிட்டார்: "ஏனுங்க, உள்ள என்னத்தைங்க காச்சறீங்க?"

இன்னொரு வகை, மலையிலிருந்து இறங்குகிறவை. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் குளிரும் ஈரமுமாக இருந்த கிட்டார், பையனுக்கு இங்கே காலேஜ் கிடைத்ததும் கூடவே இறங்கி வரும். முதல் மாசியிலேயே கழுத்தை வருடினால் விரலைக் கீறும். விரல்பலகை அகலம் சுருங்கிவிட்டது, உலோக ஃப்ரெட் சுருங்கவில்லை. நுனிகள் வெளியே எட்டிப் பார்க்கின்றன. சின்ன அரம் எடுத்துத் தீட்டிக் கொடுத்தால் முடிந்தது. உறையோடு ஒரு ஈர ஸ்பாஞ்சைப் போட்டு வையுங்கள், கோடை முடிகிற வரைக்கும் என்று சொல்லி அனுப்புகிறேன். கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். மற்றவர்கள் தருகிற ரிப்பேரில் வாடகை போகிறது. பத்தாயிரத்துக்குள் ஃபேக்டரி கிட்டார் கிடைக்கிற நாளில், நூறு மணிநேரத்துக்கு மேல் கைவேலை வாங்குகிற கிட்டாரை நம்பி மட்டும் கடை திறந்து வைக்க முடியாது.

வாங்க வருகிறவர்கள் ஈட்டி மரத்தைக் கேட்டுத்தான் வருகிறார்கள். முதுகும் பக்கமும் ஈட்டியில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு கதை இருக்கிறது. பிரேசில் நாட்டு ஈட்டிதான் ஒரு காலத்தில் ராஜா. அங்கிருந்து கட்டை வருவது சிக்கலானபோது, 1969 வாக்கில் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டிக்கு மாறியது. 1992-இல் பிரேசில் ஈட்டியின் வணிகத்தையே அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற பன்னாட்டு சைட்டீஸ் ஒப்பந்தம் ஏறக்குறைய நிறுத்திவிட்டது. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்து, ஒரு கிட்டாரை வெளிநாட்டுக்கு விற்பதற்கே பேப்பர் தேட வேண்டியதானது. 2019 நவம்பரில் முடிந்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நம் மாநிலத்தில் ஈட்டியைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே 1994-இல் போட்டார்கள். நான் பழைய வீடு இடிக்கிற இடங்களில் வருகிற கட்டில், அலமாரிப் பலகைகளைத்தான் பில்லோடு வாங்குகிறேன். நன்றாகக் காய்ந்தவை. சூடான குழாயில் ஈரப்படுத்தி அழுத்தினால் ஈட்டி மனசு வைத்து வளையும், பட்டறை முழுக்க இனிப்பாக ஒரு வாசனை எழும்.

ஆனால் ஈட்டி இல்லையென்றால் ஓசை இல்லை என்பதை நான் நம்புவதில்லை. ஸ்பெயினில் டோரெஸ் என்ற பெரிய கைவினைஞர் 1862-இல் முதுகையும் பக்கத்தையும் காகித அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார். 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் முதுகு மரம் மட்டும் வேறுபடுகிற 6 கிட்டார்களை 52 பேரிடம், எது எந்த மரம் என்று தெரியாதபடி கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கு என்று தனி மதிப்பெண் எதுவும் விழவில்லை. இதை நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்கண்ணா, எனக்கு ஈட்டியிலயே போட்ருங்க" என்பார்கள். கண்ணுக்கு அழகாக இருப்பதும் ஒரு காரணம்தானே, அதில் எனக்குக் கோபமில்லை.

சரி, செய்தே பார்ப்போம் என்று சில்வர் ஓக்கில் ஒன்று செய்தேன். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற, யாரும் வாத்தியத்துக்கு என்று நினைத்துப் பார்க்காத மரம். ஆரவாக்கில் அறுத்தால் பாம்புச்சட்டை மாதிரி செதில் செதிலாக மின்னும். வளைக்கும்போது ஈட்டியைவிட அடம் பிடித்தது, ஒரு பக்கப் பலகை விரிசல் விட்டு மாற்ற வேண்டியிருந்தது. மேல்பலகை வழக்கம்போல மாசியில் ஒட்டியது. கம்பி ஏற்றியபோது கீழ்ச் சுருதி கொஞ்சம் இறுக்கம், மேலே தெளிவு.

மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற ஒருவர், ஈட்டி தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று சாதிக்கிறவர், "ரெண்டு நாள் வெச்சிருந்து பாக்கறனுங்" என்று பொங்கலுக்கு அதை எடுத்துப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை, காசும் தரவில்லை. போன் பண்ணினால், "இன்னொரு கச்சேரி இருக்குதுங்கண்ணா, அது முடியட்டும்" என்கிறார்.