சோர்ஸ் கோடு இல்லாத ஐபிஏ-வுக்குப் புதுசா சைன் பண்ணது

போன மாசம் ஒரு வேலை வந்துச்சு. ஜெனரேட்டர் சர்வீஸ் பண்ற ஒரு கம்பெனி, இன்ஜினியருங்க 43 பேரு கையிலயும் ஐபேட், அதுல அவங்களுக்குன்னே செஞ்ச ஒரு ஆப், ஆப் ஸ்டோர்ல இருக்காது, ஆப்பிள் கம்பெனிகளுக்குன்னு தர்ற எண்டர்பிரைஸ் அக்கவுண்ட்ல சைன் பண்ணி (இது இன்னாரோட ஆப்தான்னு டிஜிட்டல் முத்திரை குத்தி) லிங்க் வழியா இறக்கிக்கறது. அந்த ஆப் ஓடலாம்னு ஆப்பிள் தர்ற அனுமதி ஃபைல், அதான் புரொவிஷனிங் புரொஃபைல், வெள்ளிக்கிழமையோட முடியுது, எனக்கு போன் வந்தது செவ்வாய்க்கிழமை சாயந்தரம். ஆப் எழுதிக் கொடுத்தவங்க தொடர்புலயே இல்ல, சோர்ஸ் கோடும் இல்ல, இருக்கறது ஒரே ஒரு ஐபிஏ ஃபைல், அதாவது ஐபேட்ல போடறதுக்குத் தயாரா கட்டி வெச்ச ஆப் பொட்டலம்.

புரொஃபைலுக்கு ஆயுசு 1 வருஷம், சைன் பண்றது யாருன்னு காட்டற எண்டர்பிரைஸ் சர்டிஃபிகேட்டுக்கு 3 வருஷம், தேதி தாண்டுனா ஆப் தொறக்காது. அதைவிட எனக்குக் கவலை உள்ள கிடக்கற ரிப்போர்ட்டுங்கதான். பேஸ்மெண்ட்ல சிக்னலே இல்லாம நின்னு எழுதுனது, கஸ்டமர் விரலால போட்ட கையெழுத்து, போட்டோ எல்லாம் சிங்க் ஆகுற வரைக்கும் அந்த ஐபேட்ல மட்டும்தான் இருக்கும். யாராவது அவசரப்பட்டு ஆப்பை அழிச்சிட்டு மறுபடி போட்டா மொத்தமும் போச்சு. அதனால முதல் வேலையா எல்லாருக்கும் "யாரும் ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க"ன்னு மெசேஜ் அனுப்பச் சொன்னேன்.

"உங்க அக்கவுண்ட்லயே சைன் பண்ணிக் கொடுத்துடுங்க சார்"னு அங்க இருந்த அட்மின் தம்பி கேட்டாரு. அது ஆகாதுப்பா. டீம் ஐடி, அதாவது அக்கவுண்ட்டோட அடையாளக் குறி, மாறுனா அதை வெச்சு அமையற அப்ளிகேஷன் ஐடென்டிஃபையரும் மாறிடும், பழைய ஆப் மேல புதுசு உக்காராது, ஐஓஎஸ் அப்டேட்டையே மறுத்துடும், அப்புறம் அழிச்சாதான் போட முடியும். அதே டீம், அதே பண்டில் ஐடி (ஆப்போட தனிப் பேரு), இது ரெண்டும் மாறக்கூடாது.

சர்டிஃபிகேட்னு அவரு அனுப்புனது வெறும் சிஇஆர் ஃபைல். அதை வெச்சு சைன் பண்ண முடியாது, கூட அதுக்கு ஜோடியான ரகசியச் சாவி, பிரைவேட் கீ வேணும், அது வேலையை விட்டுப் போன ஒருத்தரோட மேக்ல இருந்திருக்கு. பழசை ரிவோக் பண்ணி ரத்து செஞ்சிடலாமான்னு கேட்டாரு, வேண்டவே வேண்டாம்னேன், ரிவோக் பண்ணா அதுல சைன் ஆன ஆப் எல்லாம் நின்னுடும். பழசு பாட்டுக்கு இருக்கட்டும்னு, என் மேக்ல கீசெயின்ல (சாவி, பாஸ்வேர்டு எல்லாம் பூட்டி வெக்கற இடம்) சிஎஸ்ஆர், அதாவது சர்டிஃபிகேட் கேக்கற விண்ணப்பம் எடுத்து, அவங்க அக்கவுண்ட்ல ரெண்டாவது சர்டிஃபிகேட் வாங்கி, அதுக்குப் புது புரொஃபைலும் போட்டோம். கீயை உடனே பி12-ஆ, அதாவது சர்டிஃபிகேட்டும் கீயும் சேந்த ஒரே ஃபைலா எடுத்து பாஸ்வேர்டோட அவங்க கிட்டயே கொடுத்துட்டேன்.

ஐபிஏங்கறது ஒரு ஜிப்தான். பிரிச்சா பேலோடுன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஆப். பழைய புரொஃபைல் இருந்த இடத்துல புதுசை வெக்கணும், பழைய சிக்னேச்சர் இருக்கற கோட்சிக்னேச்சர் ஃபோல்டரை எடுத்துடணும். அதுல ஒவ்வொரு ஃபைலோட ஹாஷும் (ஃபைலோட கைரேகை மாதிரி) பதிஞ்சிருக்கு, ஒரு ஐகானை மாத்துனாலும் சிக்னேச்சர் செல்லாது. சைன் பண்றது உள்ளேருந்து வெளிய வரணும்: ஆப் உள்ள வெச்சுப் பயன்படுத்தற ஃபிரேம்வொர்க் எல்லாம் முதல்ல, அப்புறம் ஆப்போட ஒட்டி வர்ற குட்டி ஆப் மாதிரியான எக்ஸ்டென்ஷன், கடைசியா ஆப். வெளிய போட்டுட்டு உள்ள கைய வெச்சா வெளிய போட்டது கெட்டுடும். சைன் பண்ற கோட்சைன் கமாண்ட்ல டீப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஒரே கமாண்ட்ல முடிச்சிடலாம்னு நிறைய பேரு அதையே போடுறாங்க, ஆனா அது எல்லாத்துக்கும் ஒரே என்டைட்டில்மென்டை, அதாவது ஆப் என்னென்ன தொடலாம்ங்கற அனுமதிப் பட்டியலை ஒட்டிடும், தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க. எக்ஸ்டென்ஷனுக்குத் தனி பண்டில் ஐடி, அதனால தனி புரொஃபைலும் வேணும்.

இவ்ளோ பண்ணி டெஸ்ட் ஐபேட்ல பழைய ஆப் மேல போட்டா இன்ஸ்டால் ஆச்சு, தொறந்துச்சு, ஆனா லாகின் ஸ்கிரீன்ல நிக்குது! எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா புது ஆள் லாகின் பண்ணா இந்த ஆப் உள்ள இருக்கறதை சுத்தமா துடைச்சிடும்னு அட்மின் முன்னாடியே சொல்லியிருந்தாரு. ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் பழைய ஐபிஏ-வையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். பழசுல கோட்சைன் வெச்சு என்டைட்டில்மென்டை எடுத்துப் பாத்தா, கீசெயின்ல எந்தப் பகுதியை ஆப் பாக்கலாம்னு சொல்ற கீசெயின் ஆக்ஸஸ் குரூப்புக்கு நேரா டீம் ஐடியும் அதுக்கப்புறம் ஒரு முழுப் பேரும் இருக்கு. நான் புரொஃபைல்லேருந்து அப்படியே எடுத்துப் போட்டதுல டீம் ஐடி, ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரக் குறி. புரொஃபைல்ல இருக்கற அந்த நட்சத்திரம் இந்த எல்லைக்குள்ள எந்தப் பேரு வேணா வெச்சுக்கோங்கற அனுமதிதான், ஆப்புல சைன் பண்ணும்போது முழுப் பேரை நாமதான் எழுதணும். ஏற்கெனவே லாகின் ஆனதுக்கான டோக்கன் பழைய முழுப் பேரு குரூப்புக்குள்ள இருந்ததால ஆப்புக்கு அது கண்ணுலயே படல. பழைய என்டைட்டில்மென்டையே எடுத்து, புது புரொஃபைல் அதுக்கெல்லாம் இடம் கொடுக்குதான்னு வரி வரியா சரிபாத்து, அதை வெச்சு மறுபடி சைன் பண்ணேன். தொறந்தா நேரா ரிப்போர்ட் லிஸ்ட்.

ஆண்ட்ராய்டுல இதே வேலைன்னா கதை வேற. முதல்ல ஃபைலை ஒழுங்கா அடுக்கற ஜிப்அலைன், அப்புறம்தான் சைன் பண்ற ஏபிகே சைனர், மாத்திப் பண்ணா செல்லாது, ஆண்ட்ராய்டு 7-ல வந்த வி2 சிக்னேச்சர் முழு ஃபைலையும் காவல் காக்குது. அங்க சைன் பண்ற கீ இருக்கற கீஸ்டோர் தொலைஞ்சா பழைய ஆப் மேல அப்டேட்டே போகாது, அசல் கீயை கூகுளே வெச்சுக்கற பிளே ஸ்டோர் சைனிங் வெச்சிருந்தா, நாம ஏத்தறதுக்கு வெச்சிருக்கற அப்லோட் கீயை மட்டும் மாத்திக்கலாம்.

புதன்கிழமை மதியம் லிங்க் அனுப்புனோம். வெள்ளிக்கிழமை காலையில 42 பேரு அப்டேட் பண்ணிட்டாங்க, ஒருத்தர் மட்டும் மலை மேல ஒரு சைட்ல, நெட்வொர்க்கே இல்ல. சாயந்தரம் அஞ்சரைக்குக் கீழ இறங்கி டீக்கடை வாசல்லேருந்து போட்டாரு, அவரோட 17 ரிப்போர்ட்டும் ஒண்ணொண்ணா ஏறுனதை நான் சர்வர்ல பாத்துக்கிட்டே இருந்தேன்.