2016 எம்பி ரேம் வரைக்கும் ஓடுது, 2017 போட்டா சாவுது

எங்க போர்டு 2 ஜிபி ரேம்ல ரெண்டு வருஷமா ஒரு வம்பும் இல்லாம ஓடிட்டு இருந்தது. சிபியுல நாலு கார்ட்டெக்ஸ் ஏ53 கோர், லினக்ஸ் 5.15, அத ஏத்தி ஓட விடற பூட்லோடர் கொஞ்சம் பழைய யூ-பூட், பின்னாடி லினக்ஸ் தொட முடியாத செக்யூர் பக்கத்துல ஆப்-டீனு ஒரு குட்டி ஓஎஸ். கஸ்டமர் 4 ஜிபி வேணும்னு கேட்டதால அதே போர்டுல ரேம் சிப்ப மட்டும் மாத்தி புது ரிவிஷன் வந்துச்சு. யூ-பூட்ல டிடிஆர், அதாவது ரேம், செட்டிங்க மாத்துனோம், 4 ஜிபினு காட்டுச்சு, லினக்ஸ் கெர்னலும் பூட் ஆச்சு, லாகின் வந்துச்சு, சரி வேலை முடிஞ்சுதுனு டீ குடிக்க போனா திரும்பி வரும்போது கெர்னல் பேனிக் ஆகி, அதாவது இனி ஓட முடியாதுனு கைய விரிச்சுட்டு, நிக்குது.

அதுக்கப்புறம் பூட்டே ஒழுங்கா முடியல. பத்து தடவ ஆன் பண்ணா ரெண்டு தடவ லாகின் வரும், மத்ததெல்லாம் நடுவுலயே போய்டும், ஆனா ஒரே எடத்துல போச்சுனா பரவால்லயே, ஒரு தடவ இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டுக்கு வேண்டிய ஃபைல் மூட்டை) விரிக்கும்போது, ஒரு தடவ எம்எம்சி ஸ்டோரேஜ் டிரைவர் ஏறும்போது, ஒரு தடவ சும்மா ஐடில் லூப்ல படுத்திருக்கற கோர்ல. எல்லாத்துலயும் பொதுவா இருந்தது ஒன்னே ஒன்னு, எஸ்எரர்னு வர்ற அந்த வரி.

எஸ்எரர் பாக்காதவங்களுக்கு: மெமரி பக்கத்துல இருந்து ஹார்டுவேர் "முடியாது போ"னு சொல்ற எரர் இது, ஆனா அந்த பதில் லேட்டா வரும். சிபியு எழுதச் சொல்லிட்டு அடுத்த வேலைய பாக்க போயிருக்கும், எழுதுனது கேச்சு, பஸ், எல்லாத்தையும் தாண்டி போய் அங்க அடி வாங்கி திரும்பும்போது சிபியு வேற எங்கயோ இருக்கும். திங்கக்கெழம குடுத்த செக்கு வியாழக்கெழம பவுன்ஸ் ஆகுது, மெசேஜ் வரும்போது நீங்க சலூன்ல இருக்கீங்க, அதுக்காக சலூன்காரர சந்தேகப்பட முடியுமா? நான் பட்டேன். மொத மூணு நாள் ஸ்டாக் ட்ரேஸ்ல, அதாவது செத்தப்போ ஓடிட்டு இருந்த ஃபங்ஷன் லிஸ்ட்ல, வந்த ஒவ்வொரு ஃபங்ஷனையும் சந்தேகப்பட்டு படிச்சிட்டு இருந்தேன். எம்எம்சி டிரைவர கழட்டிட்டு பூட் பண்ணேன், ஈதர்நெட் டிரைவர கழட்டுனேன், எதையும் நம்பாம ஒரே கோர்ல ஓட்டுனேன். ஐடில்ல இருக்கற கோர் கூட சாவுதுனா அந்த ட்ரேஸுக்கு அர்த்தமே இல்லனு மொத நாளே புரிஞ்சிருக்கணும், புரியல.

சரி கெர்னல்ல யாரோ மெமரிய நாசம் பண்றாங்க போலனு அத புடிச்சு குடுக்கற கேசான் ஆன் பண்ணேன், இருக்கட்டுமேனு லாக் தப்புகள புடிக்கற லாக்டெப்பும் சேத்து ஆன் பண்ணேன். இங்கதான் கெணறு வெட்ட பூதம் கெளம்புச்சு. யூ-பூட் "ஸ்டார்ட்டிங் கெர்னல்"னு சொல்லிட்டு அப்படியே அமைதி. பூட்டோட ஆரம்பத்துலயே கன்சோல்ல எழுத வைக்கற ஏர்லிகான் போட்டும் ஒரு எழுத்து வரல. முன்னாடியாவது பேனிக் ஆச்சு, இப்ப சத்தமே இல்ல.

அமைதியா சாவற கெர்னலுக்கு ரெண்டு வைத்தியம் தெரியும். ஒன்னு, ரீசெட் பட்டன அமுக்கி (கரண்ட்ட புடுங்கக் கூடாது) யூ-பூட்டுக்கு வந்து, கெர்னல்ல எது எந்த அட்ரஸ்ல இருக்குனு சொல்ற சிஸ்டம் மேப்ல லாக் பஃபரோட அட்ரஸ் பாத்து, அத ஃபிசிக்கல் அட்ரஸா கணக்கு போட்டு மெமரிய டம்ப் பண்றது, கெர்னல் பேச நெனச்சது அங்க எழுத்தா இருக்கும். எனக்கு வெறும் குப்பைதான் வந்துச்சு. கொஞ்சமா எழுதிட்டு செத்திருந்தா அந்த எழுத்து கேச்சுலயே இருக்கும், மெமரிக்கு வர்றதுக்குள்ள ரீசெட்ல அழிஞ்சுடும், அதான். ரெண்டாவது வைத்தியம் கொஞ்சம் காட்டுத்தனம். கெர்னலோட மொத அசெம்பிளி ஃபைல்ல, மெமரி அட்ரஸ மேப் பண்ற எம்எம்யூ ஆன் ஆகறதுக்கு முன்னாடி அங்கங்க நாலு வரி சொருகி சீரியல் போர்ட்டான யூஆர்ட்டோட ட்ரான்ஸ்மிட் ரெஜிஸ்டர்ல நேரா ஒரு எழுத்த எழுதறது. ஏ வந்துச்சு, பி வந்துச்சு, சி வந்துச்சு. அப்ப கெர்னலுக்குள்ள போகுது, எம்எம்யூ வாசல் வரைக்கும் உசுரோட இருக்கு. அதுக்கு அந்தாண்ட யூஆர்ட் மேப் ஆகல, எழுத முடியாது.

எம்எம்யூ ஆன் ஆன கையோட கெர்னல் பண்ற வேலைல ஒன்னு பிஎஸ்எஸ்ஸ, அதாவது ஜீரோல ஆரம்பிக்கற வேரியபிள் எல்லாம் இருக்கற எடத்த, ஜீரோ பண்றது. அத யோசிச்சிட்டு இருக்கும்போது எங்க லீட் அண்ணன் பின்னாடி நின்னு பாத்துட்டு "டிடிபி எங்க ஏத்துற?"னு மட்டும் கேட்டுட்டு போய்ட்டாரு. டிடிபினா போர்டுல என்னென்ன எங்க இருக்குனு கெர்னலுக்கு சொல்ற டிவைஸ் ட்ரீ ஃபைல். போய் பாத்தா டிடிபி இருக்கறது ஹெக்ஸ்ல 43000000. கெர்னல் போய் உக்கார்ற எடம் 40600000. நடுவுல 42 எம்பி. என் இமேஜ் ஃபைல் 38 எம்பிதான், டிஸ்க்குல பாத்தா பத்தும்னு தோணும், ஆனா பிஎஸ்எஸ் ஃபைல்ல இருக்காது, மெமரில மட்டும்தான் எடம் எடுக்கும், லாக்டெப் அங்க கூடாரம் போடற டேபிள் எல்லாம் சேந்தா பல எம்பி. சிஸ்டம் மேப்ல மொத சிம்பலையும் கடைசி சிம்பலையும் கழிச்சேன், 47 எம்பி வந்துச்சு. ஆக கெர்னல் தன் பிஎஸ்எஸ்ஸ தொடைக்கறேன்னு டிடிபியையும் சேத்து தொடச்சிருக்கு. டிடிபி சரியில்லனா ஏஆர்எம் 64 கெர்னல் ஒழுங்கா ஒரு எரர் வரி எழுதிட்டு அங்கயே சுத்திட்டு நிக்கும், ஆனா கன்சோல் எதுனு சொல்ற தகவல், நான் குடுத்த ஏர்லிகான் ஆர்க்யூமென்ட், எல்லாமே அந்த டிடிபிக்குள்ளதான் இருந்துச்சு, அப்பறம் எங்க போய் எழுதும். யூ-பூட் வழக்கமா டிடிபிய பத்திரமான எடத்துக்கு நகத்தி வைக்கும், எங்க என்விரான்மென்ட்ல "நகத்தாத"னு ஒரு செட்டிங் எந்த காலத்துலயோ போட்டு வெச்சிருக்காங்க. அத எடுத்துட்டு டிடிபிய ரொம்ப தள்ளி ஏத்துனேன், கேசான் கெர்னல் பூட் ஆச்சு.

பூட் ஆகி, பழையபடி எஸ்எரர் அடிச்சு செத்துச்சு. கேசான் ஒரு புகாரும் சொல்லல. ரெண்டு நாள் போச்சு.

இப்ப எல்லாரோட சந்தேகமும் ரேம் சிப் மேல திரும்புச்சு. புது சிப்பு, புது ட்ரெய்னிங் செட்டிங், நியாயமான சந்தேகம்தான். ஹார்டுவேர் டீம் அக்கா ஒருத்தங்க டிடிஆர் ஸ்ட்ரெஸ் டூல ராத்திரி முழுக்க ஓட்டி ஒரு எரர் கூட இல்லனு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க, "இது எங்க பிரச்சனை இல்ல, உங்க சாஃப்ட்வேர்"னு. நான் விடுவேனா, கெர்னல்லயே மெம்டெஸ்ட்னு ஒரு பூட் பாராமீட்டர் இருக்கு, கான்ஃபிக்ல ஆன் பண்ணிட்டு நம்பர் குடுத்தா மெம்பிளாக் காலத்துலயே, அதாவது நிஜ பேஜ் அலோகேட்டர் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே, சும்மா கெடக்கற மெமரி பூரா பேட்டர்ன் எழுதி படிச்சு பாக்கும். அத போட்டு பூட் பண்ணேன். பாஸ். நாலு பேட்டர்னும் பாஸ். முடிஞ்ச கையோட ரெண்டு செகண்டுல எஸ்எரர்.

அவங்ககிட்ட போய் தலைய சொறிஞ்சுட்டு "எனக்கும் பாஸ்தான்"னு சொன்னேன். அவங்க ரிப்போர்ட் எழுதற ஆளு, எல்லாத்துக்கும் நம்பர் வேணும். "மொத்தம் எத்தன எம்பி டெஸ்ட் பண்ணுச்சு, கூட்டி சொல்லு, எழுதிக்கறேன்"னாங்க.

கூட்டுனேன். மெம்டெஸ்ட் ஒவ்வொரு ரேஞ்சையும் ஆரம்பம் முடிவு போட்டு பிரின்ட் பண்ணும், அதெல்லாம் கூட்டுனா 3400 எம்பிய தொடல. கெர்னல் இமேஜ், இனிட்ராம்எஃப்எஸ், பேஜ் டேபிள்னு எடுத்தாலும் நூறு எம்பி போகுமா, 4096ல மீதி எங்க? வரிசையா பாத்துட்டே வந்தா ஒரு ரேஞ்ச் 98000000ல முடியுது, அடுத்தது ரேமோட சரியா 2 ஜிபி எல்லைல ஆரம்பிக்குது. எங்க ரேம் 40000000ல ஆரம்பம், ஆக அந்த எல்லை C0000000, நடுவுல ஒரு 640 எம்பி ஓட்டை.

640 எம்பி சிஎம்ஏ. கேமரா, டிஸ்ப்ளேக்கெல்லாம் தொடர்ச்சியான மெமரி வேணும்னு டிவைஸ் ட்ரீல "மொத 2 ஜிபிக்குள்ள 640 எம்பி எடுத்துக்கோ"னு எழுதியிருக்கு, மெம்பிளாக் வழக்கமா மேல இருந்து கீழ குடுக்கற ஆளு, அதனால 2 ஜிபி எல்லைய ஒட்டி எடுத்து குடுத்திருக்கு. ரிசர்வ் ஆனத மெம்டெஸ்ட் தொடாது. ரிசர்வ் ஆனது அதுக்கு முன்னாடியே. அப்ப நான் பாஸ்னு கொண்டாடுன டெஸ்ட் அந்த 640 எம்பி பக்கம் போகவே இல்ல.

பழைய 2 ஜிபி போர்டு லாக்க எடுத்து பக்கத்துல வெச்சேன். சிஎம்ஏ பூல் எங்க உருவாச்சுனு கெர்னல் ஒரு வரி போடும், ரெண்டு வருஷமா தெனம் ஸ்க்ரீன்ல ஓடுற வரி, ஒரு நாளும் படிச்சதில்ல. புது போர்டுல 98000000. பழைய போர்டுல 96000000. வித்தியாசம் ஹெக்ஸ்ல 2000000, அதாவது 32 எம்பி.

32 எம்பினா ஆப்-டீ. எங்க பில்டுல அதுக்கு குடுத்த எடமே அவ்ளோதான். வாரம் முழுக்க டீ குடிச்சிட்டே டீய தேடிருக்கேன்.

உறுதி பண்ணிக்க டிவைஸ் ட்ரீல சிஎம்ஏ நோட எடுத்துட்டு மெம்டெஸ்ட் ஓட்டுனேன். இந்த தடவ முக்கலும் இல்ல முனகலும் இல்ல, மொத பேட்டர்ன்லயே எஸ்எரர், ஒவ்வொரு பூட்லயும். பத்துக்கு எட்டு சாவற பக் பத்துக்கு பத்து சாவ ஆரம்பிச்சா அவ்ளோ சந்தோஷம், இந்த தொழில்ல இருக்கறவங்களுக்குத்தான் புரியும். அப்பறம் மெம் பாராமீட்டர்ல ரேம கொறச்சு கொறச்சு பாதி பாதியா தேடுனேன், 3072 சாவு, 2048 சாவு, 1024 ஓடுது, 1536 ஓடுது, அப்படியே போய் கடைசில 2016 எம்பி குடுத்தா ஓடுது, 2017 குடுத்தா சாவுது. 2048ல இருந்து 32 கழிச்சா 2016.

நடந்தது இதுதான். ஆப்-டீ எந்த அட்ரஸ்ல உக்காரணும்ங்கறது அத பில்ட் பண்ணும்போதே முடிவாகுது, எங்களுது 2 ஜிபி போர்டுக்கு பண்ணது, ரேமோட உச்சில, 2016வது எம்பில இருந்து 2048 வரைக்கும். அந்த எடத்த ட்ரஸ்ட்ஸோன் கன்ட்ரோலர் பூட்டி வெச்சிருக்கும், லினக்ஸ் தொட்டா அடி. லினக்ஸுக்கு அது தெரியாம இருக்க யூ-பூட் போர்டு கோட்ல ஒரு குறுக்குவழி, மொத்த ரேம் சைஸ்ல இருந்து 32 எம்பிய கழிச்சுட்டு மீதிய கெர்னல்கிட்ட சொல்லும். 2 ஜிபில உச்சியும் டீயும் ஒன்னு, கணக்கு சரியா வந்துச்சு. 4 ஜிபி ஆனதும் யூ-பூட் விசுவாசமா 4 ஜிபியோட உச்சில இருந்து 32 எம்பிய கழிச்சிருக்கு, டீ அசையாம பழைய எடத்துலயே, இப்ப ரேமோட நட்ட நடுவுல உக்காந்திருக்கு. ஆளே இல்லாத ரூமுக்கு பூட்டு, ஆள் இருக்கற ரூம் தொறந்து கெடக்கு. சிஎம்ஏ பூல் போய் சரியா அது மேலயே படுத்துச்சு. சிஎம்ஏ மெமரிய கெர்னல் சும்மாவும் வைக்காது, டிரைவர் கேக்கற வரைக்கும் நகத்தக்கூடிய பேஜுக்கெல்லாம் கடன் குடுத்துட்டே இருக்கும், எந்த பேஜ் எப்ப அந்த 32 எம்பில விழும்ங்கறது அன்னிக்கு நேரம். ஸ்ட்ரெஸ் டூல் ஏன் பாஸ் ஆச்சுனா அது ஓடும்போது ஆப்-டீயே வரல, பூட்டும் இல்ல. அக்கா சொன்னது சரிதான், அவங்க பிரச்சனை இல்ல.

ஃபிக்ஸ் அஞ்சு நிமிஷம்னு நெனச்சேன். டிவைஸ் ட்ரீல ரிசர்வ்ட் மெமரில அந்த 32 எம்பிய எழுதுனேன், இருபது தடவ பூட் ஆச்சு, மெயில் கூட அனுப்பிட்டேன். மறுநாள் காலைல ரிலே வெச்சு ராத்திரி முழுக்க ஆன் ஆஃப் பண்ண லாக்க பாத்தா நடுவுல மூணு எஸ்எரர். வெறும் ரிசர்வ் பண்ணா யாருக்கும் ஒதுக்காது, அவ்ளோதான், ஆனா கெர்னலோட லீனியர் மேப்ல, அதாவது ரேம் பூரா அது பாக்கறதுக்கு வெச்சிருக்கற மேப்ல, அந்த எடம் இன்னும் சாதாரண மெமரியாவே மேப் ஆகி இருக்கும், சிபியு யாரும் கேக்காமலே பக்கத்து எடத்த முன்கூட்டி எட்டிப் பாக்கும், எட்டிப் பாத்ததுக்கும் எங்க சிப்புல அடிதான். நோ-மேப்னு ஒரு வார்த்தை சேக்கணும், அப்பதான் மேப்பே ஆகாது. வாரம் முழுக்க எஸ்எரர் படிச்சவன் இத மறந்தேன்னா என்ன சொல்ல.

டிவைஸ் ட்ரீல நம்பர கையால எழுதி வைக்கறது எனக்கு பிடிக்கல, நாளைக்கு யாராவது ஆப்-டீய நகத்துனா திரும்ப இதே கதை. அதனால யூ-பூட்ல அந்த கழித்தல் வரிய தூக்கிட்டு, ஆப்-டீயோட நிஜ அட்ரஸ பில்ட் கான்ஃபிக்ல இருந்து எடுத்து நோ-மேப் நோட யூ-பூட்டே எழுதற மாதிரி மாத்துனோம். உச்சில சும்மா வீணா போன 32 எம்பியும் திரும்ப வந்துச்சு.

ரிலே அந்த வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆரம்பிச்சு திங்கக்கெழம காலைல வரைக்கும் டிக்கு டிக்குனு அடிச்சிட்டே இருந்துச்சு, ஒரு எஸ்எரர் இல்ல. லாக்ல நான் மொதல்ல தேடுனது சிஎம்ஏ வரியத்தான். 4 ஜிபி போர்டு, 96000000.